விற்பதற்கு முன் வீட்டை அலங்கரிக்கலாமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் எட்டு வீடுகள் உள்ள அடுக்ககத்தில், இரண்டாவது மாடியில் வசிக்கிறேன். அதற்கு மேல் மொட்டை மாடிதான். 850 சதுர அடி, யு.டி.எஸ். (மனையில் பிரிக்கப்படாத பங்கு) 420 சதுர அடி. லிஃப்ட் கிடையாது, கார் நிறுத்த இடம் உண்டு. மனை ஒன்றரை கிரவுண்டு. 2005 டிசம்பரில் 13 லட்சத்துக்கு வாங்கினோம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 67. மகன் பெங்களூரில் இருக்கிறான், அங்கே வந்துவிடச் சொல்கிறான். விற்பதற்கு முன் உள் அலங்காரம் செய்தால் 15 லட்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஒரு இன்டீரியர் நிறுவனம் சொல்லி, ஒன்பதரை லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. வீடு முழுக்க ஃபால்ஸ் சீலிங், டி.வி. சுவருக்கு வரிவரியான பேனல், மாடுலர் கிச்சன், பழைய தரைமேலேயே புது டைல்ஸ். படுக்கையறையின் மேல் மழைக்காலத்தில் லேசாக ஒரு கறை வரும், சீலிங் போட்டால் அது மறைந்துவிடும் என்கிறார்கள். ஹாலில் இருக்கும் ஊஞ்சல் பழசாகத் தெரிகிறது, கழற்றிவிடலாம் என்றும் சொல்கிறார்கள். கட்டடத்தையே இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று கீழ் வீட்டுக்காரர் சொல்கிறார். வீடு என் கணவர் பெயரில் இருக்கிறது, அவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது. செலவு செய்யலாமா? விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வணக்கம் அம்மா.

கொட்டேஷனின் நகலையும் இணைத்திருந்தீர்கள். பதினொரு பக்கம். 'பிரீமியம்' என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது. 'ஒழுக்கு' என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மேல்மாடி வீட்டின் சீலிங்கில் மழைக்கு மழை தலைகாட்டும் கறை, பெயின்ட் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. உங்கள் மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். இருபது வருட வெயிலில் ஓட்டு இணைப்புகள் வாய் பிளக்கும். தண்ணீர் இறங்கி அந்த ஜல்லித் தளத்தில் தங்கும், அங்கிருந்து மெதுவாக கான்கிரீட்டுக்குள் கசியும். கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கிறது. துருப் பிடித்த கம்பி பருத்துக்கொண்டே போகும், பருக்கும்போது கீழே இருக்கும் பூச்சைத் தள்ளிவிடும். கறை, பிறகு மயிரிழை விரிசல், பிறகு ஒரு நாள் ராத்திரி கட்டில்மேல் பொத்தென்று ஒரு கட்டி. வரிசை இதுதான்.

போன வருடம் நங்கநல்லூரில் ஒரு வீட்டை வங்கிக்காக மதிப்பிடப் போயிருந்தேன். புத்தம் புதிய ஃபால்ஸ் சீலிங், ஓரமெல்லாம் வெளிச்சக் கோடு, உள்ளே நுழைந்தால் துணிக்கடை ஷோரூம் மாதிரி இருந்தது. வாங்க வந்த தம்பதியும் கூடவே நின்றார்கள். கட்டில் நேர்மேலே ஜிப்சம் போர்டு ஒரு விரல் அளவு தொய்ந்திருப்பதாகத் தோன்றியது. பக்கத்தில் இருந்த சின்ன வட்ட விளக்கை ஸ்பிரிங்கை அமுக்கி வெளியே எடுத்து, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்தேன். போர்டின் முதுகில் இரண்டு கை அளவு பூச்சு உதிர்ந்து கிடந்தது. மேலே கம்பி, பப்ஸ் மாதிரி ஏடு ஏடாக உரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஏமாற்றுக்காரர் இல்லை. சீலிங் போட்டதோடு பிரச்சினை தீர்ந்தது என்று அவரே நம்பிக்கொண்டிருந்தார். அந்தத் தம்பதி ஒன்றும் சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. ஸ்டூலில் ஏறச் சொல்லவில்லை, கொத்தனாரை ஏற்றுங்கள். ஐந்து ரூபாய் நாணயத்தால் கறையைச் சுற்றித் தட்டச் சொல்லுங்கள். கட்டியான இடம் 'கிண்' என்று சொல்லும், பூச்சு விட்டுப்போன இடம் 'பொத்' என்று சொல்லும். பொத் என்ற இடமெல்லாம் கொத்தி எடுத்து, கம்பியை இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்துத் துரு நீக்கி, துருத்தடுப்பு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் பூச வேண்டும். அதற்கும் முன்னால் மாடிக்குப் போய், மழைநீர்க் குழாயின் வாயில் மக்கிய இலையும் புறா எச்சமும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி வீடுகளில் வியாதியே அதுதான். குழாய் வாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீரை இரண்டு நாள் தேக்கி வைத்தால் எங்கே இறங்குகிறது என்பது கீழே தெரிந்துவிடும். கீழே பூசிவிட்டு மேலே சும்மா விட்டால் அடுத்த ஐப்பசிக்குக் கறை திரும்ப வந்து நிற்கும்.

இந்த மாடிச் செலவை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. மொட்டை மாடி எட்டு வீட்டுக்கும் பொது. "ஒழுகுவது உங்கள் வீட்டில்தானே, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தரைத்தள வீட்டுக்காரர் சொல்லத்தான் செய்வார், சொல்லாத அசோசியேஷனை நான் இன்னும் பார்க்கவில்லை. கீழே சம்ப்பில் மோட்டார் கெட்டால் மேல்மாடிக்காரர் பங்கு தருவது போலத்தான் இதுவும் என்று சொல்லுங்கள். கூட்டம் போட்டு, நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாற்பது பிள்ளைகளைச் சமாளித்த உங்களுக்கு ஏழு பேர் பெரிதா!

இப்போது அந்த 15 லட்சத்துக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டை வாங்கப் போகிறவர் அநேகமாக வங்கிக் கடனில்தான் வாங்குவார். வங்கி என்னைப் போன்ற ஓர் ஆளை அனுப்பும். நான் வந்து என்ன பார்ப்பேன்? முதலில் யு.டி.எஸ்., மனையில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கு. உங்கள் தெருவில் நில விலை சதுர அடி 9,000 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 420 சதுர அடிக்கு 37.8 லட்சம். அடுத்து கட்டடம். இன்று புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 2,400 ஆகும் என்று வைத்தால் 850-க்கு 20.4 லட்சம். ஆனால் கட்டடத்துக்கு வயது இருபது. கான்கிரீட் கட்டடத்துக்கு 60 வருட ஆயுள் என்று வைத்து வருடத்துக்கு ஒன்றரை சதவீதம் தேய்மானம் கழிப்பது எங்கள் வழக்கம். 30 சதவீதம் போக 14.3 லட்சம் நிற்கும். ஆக மொத்தம் சுமார் 52 லட்சம். ஃபால்ஸ் சீலிங்கும் பேனலும் என் அறிக்கையில் எங்கே வரும் என்றால், 'உள் வேலைப்பாடு: நன்று' என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

15 லட்சம் வேண்டாம், அலங்காரத்தைக் காட்டிப் பத்து லட்சம் மட்டும் கூட்டி நீங்கள் 62 லட்சம் கேட்கிறீர்கள், வாங்குபவருக்கும் பிடித்துப்போகிறது என்றே வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு வங்கி சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கிக்கு மதிப்பு 52 லட்சம், ஆகவே கடன் 41.6 லட்சம். மிச்சம் 20.4 லட்சம் அவர் கையிலிருந்து வர வேண்டும். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 62 லட்சத்துக்கு அது 5.58 லட்சம். கையிருப்பு 26 லட்சம் வேண்டும். அதே வீட்டை 52-க்குக் கொடுத்தால் 15 லட்சத்துச் சொச்சம் போதும். அதாவது அலங்காரத்துக்காக நீங்கள் கூட்டும் பத்து லட்சம், வாங்குபவரிடம் கூடுதலாகப் பதினோரு லட்சம் ரொக்கம் கேட்கிறது. 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான ரெப்போ வட்டியை 6.5-லிருந்து 5.5-ஆக இறக்கியது, மாதத் தவணை கொஞ்சம் இளகியது, உண்மைதான். ஆனால் வட்டி இறங்கினால் தவணைதான் குறையும், கையிருப்பு கூடிவிடாது. பழைய வீட்டைத் தேடி வருகிற இளம் குடும்பத்துக்குத் தட்டுவது அந்தக் கையிருப்புதான்.

போதாக்குறைக்கு அவர் புது வீட்டையும் பார்த்துக்கொண்டிருப்பார். 2023 டிசம்பரிலிருந்து, பில்டரிடம் முதல்முறையாக வாங்கும் புது அடுக்கக வீட்டுக்கு 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், 3 கோடி வரை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 தனி. பழைய வீட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. கட்டி முடிக்காத வீட்டுக்கு ஜி.எஸ்.டி. உண்டு, உங்கள் வீட்டுக்கு அது கிடையாது என்பது உங்களுக்குள்ள ஒரு சாதகம். புது வீட்டில் லிஃப்ட் இருக்கும், யு.டி.எஸ். குறைவாக இருக்கும். உங்களுடையதில் லிஃப்ட் இல்லை, யு.டி.எஸ். நன்றாக இருக்கிறது. விளம்பரம் கொடுத்தால் முதல் வரியில் அதைப் போடுங்கள், சீலிங்கை அல்ல.

மெட்ரோ பற்றிப் புரோக்கர் சொல்லியிருப்பார். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரையிலான ஐந்தாம் வழித்தடம் மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம் வழியாகத்தான் போகிறது. ஆனால் அந்தத் தூண்கள் எழும்பியபோதே விலையும் எழும்பிவிட்டது. ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, நடந்தே நிலையத்துக்குப் போகக்கூடிய தெருவுக்கு வாடகை கூடும், ஆட்டோ பிடித்துப் போக வேண்டிய தெருவுக்கு அவ்வளவாகக் கூடாது. இது என் அனுபவக் கணிப்பு, இதை வைத்து விலை பேசாதீர்கள்.

வருகிற ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்பார்: "2015 வெள்ளத்தில் தண்ணீர் வந்ததா? மிக்ஜாம் புயலுக்கு?" மேல்மாடி என்றாலும் கேட்பார்கள், கார் கீழேதானே நிற்கிறது. மழுப்பாமல் எத்தனை அடி வந்தது, எத்தனை நாள் நின்றது, மோட்டாரையும் மீட்டர் பெட்டியையும் பிறகு உயர்த்தி வைத்தீர்களா என்று சொல்லிவிடுங்கள். எதிர் டீக்கடையில் விசாரித்தால் இரண்டு நிமிடத்தில் தெரிகிற விஷயம். உயர்த்தி வைக்கவில்லையென்றால் அசோசியேஷன் கூட்டத்தில் அதையும் பேசிவிடுங்கள்.

இனி, கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்களே, வீடு கணவர் பெயரில் இருக்கிறது என்று. கறைக்கு அடுத்தபடியாக என்னை உறுத்தியது அந்த வரிதான். அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சம பங்கு. அவர் காலமானபோது அவருடைய தாயார் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. மகன் பெங்களூரில், ஒருவேளை மகளும் இருந்தால் அவர் எங்கேயோ, எல்லாரும் வந்து கையெழுத்திட்டால்தான் கிரயம் நடக்கும். வாரிசுச் சான்றிதழை இப்போதே வாங்குங்கள். பிள்ளைகள் சம்மதித்தால், தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் மூலம் உங்கள் ஒருவர் பெயருக்கே மாற்றிக்கொள்ளலாம். குடும்பத்துக்குள் என்பதால் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது, ஒன்பதரை லட்சத்தோடு ஒப்பிட்டால் காப்பிச் செலவு. சொத்து வரி ரசீது, மின் இணைப்பு, பட்டா, மூன்றிலும் பெயர் மாற வேண்டும். வில்லங்கச் சான்றை 2005-க்கு முன்பிருந்தே போட்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதங்களைத் தேடும்போது அனுமதி வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். எனக்கு ஒரு சந்தேகம். ஒன்றரை கிரவுண்டு என்றால் 3,600 சதுர அடி. நீங்கள் வாங்கிய காலத்தில் சாதாரண அடுக்ககத்துக்கு எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 1.5, அதாவது 5,400 சதுர அடிதான் கட்டலாம். எட்டு வீடும் 850 என்றால் 6,800. படிக்கட்டு, பால்கனி கணக்கில் கொஞ்சம் போனாலும் இடிக்கிறதே! வரைபடத்தில் ஆறு வீடு இருந்து, நேரில் எட்டு இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். மடிப்பாக்கம் 2011-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. பஞ்சாயத்துக் காலத்தில் கட்டியவற்றில் இது அடிக்கடி காண்கிற சங்கதி. ஆனால் வங்கிக்கு வரைபடம்தான் வேதம். உங்கள் வீடு அந்தத் தாளில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் விலை பேச உட்காராதீர்கள். வரைபடத்துக்கு வெளியே இருந்தால், கடன் போடாமல் ரொக்கத்துக்கு வாங்குகிறவர்தான் வருவார், அவர் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்.

அதே கணக்கு, இடித்துக் கட்டும் பேச்சுக்கும் பதில் சொல்லிவிடுகிறது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே மறுகட்டுமானத்துக்கு வழி இருக்கிறது. கீழ் வீட்டுக்காரர் அதைக் கேள்விப்பட்டிருப்பார். ஆனால் பில்டர் எதற்கு வருவார்? கூடுதலாகக் கட்டி விற்க இடம் இருந்தால் வருவார். 2019 விதிப்படி எஃப்.எஸ்.ஐ. 2, உங்கள் மனையில் 7,200 சதுர அடி. ஏற்கெனவே 6,800 இருக்கிறது. மிஞ்சுவது 400 சதுர அடி. அதில் அவருக்கு விற்பதற்கு ஒழுங்கான ஒரு வீடுகூட வராது. ரோடு அகலமாக இருந்தால் காசு கட்டிப் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம், அப்போதும் நீங்கள் எல்லாரும் கையிலிருந்து போட வேண்டி வரலாம். தவிர, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள், ஆய்வு முடியும்வரை புது அனுமதி தரக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. உங்கள் தெரு அந்த வட்டத்துக்குள் வருகிறதா, உத்தரவின் இன்றைய நிலை என்ன என்பதையும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் (சி.எம்.டி.ஏ.) கேட்டுக்கொள்ளுங்கள். இடித்துக் கட்டுவார்கள் என்று நம்பி மாடியைச் செப்பனிடாமல் விடாதீர்கள்.

விற்கலாமா என்று கேட்டால், இப்போது வேண்டாம் என்பேன். 67 வயதில், இருபது வருடம் பழகிய தெருவையும் பூக்காரம்மாவையும் விட்டுவிட்டு பெங்களூர் ஒத்துக்கொள்ளுமா என்பது போய் இருந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு வருடம் வாடகைக்கு விட்டுவிட்டுப் போங்கள். 16,000 ரூபாய் வந்தாலும் வருடத்துக்கு 1.92 லட்சம். 52 லட்சத்துக்கு நாலு சதவீதம்கூட இல்லைதான். வங்கியில் போட்டால் இதைவிடக் கிடைக்கும் என்று மகன் சொல்வார், அவர் சொல்வதும் சரி. ஆனால் திரும்பி வர ஒரு கதவு இருப்பதற்கு அந்த வித்தியாசத்தைக் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். வாடகைக்கு விடுவதானால் அலங்காரமே வேண்டாம். ஒழுகாத கூரை, சரியான குழாய்கள், சுத்தமான கழிப்பறை, ஒரு கை வெள்ளை, போதும்.

எப்படியும் விற்றுவிடுவது என்று முடிவானால் வரியைப் பயந்து அவசரப்படாதீர்கள். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதமோ, அது இல்லாமல் 12.5 சதவீதமோ, எது குறைவோ அதைக் கட்டலாம். 2025-26-க்கான பணவீக்கக் குறியீட்டெண் 376, நீங்கள் வாங்கிய 2005-06-க்கு 117. 13 லட்சம் அந்தக் கணக்கில் 41.8 லட்சமாகிறது. 52-க்கு விற்றால் லாபம் 10.2 லட்சம், வரி இரண்டு லட்சத்துச் சொச்சம். 12.5 சதவீத வழியில் போனால் கிட்டத்தட்ட 4.9 லட்சம். வாரிசுகளாகச் சேர்ந்து விற்றால் அவரவர் பங்குக்கு அவரவர் கணக்கு, ஆடிட்டரிடம் ஒருமுறை உட்காருங்கள்.

சரி, நீங்கள் இங்கேயே இருக்கப் போகிறீர்கள், அல்லது திரும்பி வரப் போகிறீர்கள் என்றால் அலங்காரம் பற்றிப் பேசலாம். அப்போது அது உங்களுக்காக, விலைக்காக அல்ல. கணக்கே மாறிவிடுகிறது.

டி.வி. சுவர் பேனல் இன்று எல்லா இன்டீரியர் படத்திலும் இருக்கிறது. ஒவ்வொரு வரிப் பள்ளத்திலும் மெட்ரோ வேலைத் தூசி போய் உட்காரும். தினம் யார் பிரஷ் வைத்துத் துடைப்பது? விட்டுவிடுங்கள். டைல்ஸ்மேல் டைல்ஸ் ஒட்டினால் தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும், கதவுகளின் அடியை அறுக்க வேண்டும், பாத்ரூம் வாசலில் புதிதாக ஒரு படி முளைக்கும். இந்த வயதில் இல்லாத படியை ஏன் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்? தரையில் உங்களுக்கு ஆசை இருந்தால் பூஜை இடத்தில் மட்டும் பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, அந்த மட்டத்துக்கே ஆத்தங்குடிக் கல் பதியுங்கள். காரைக்குடிப் பக்கத்துக் கல், கண்ணாடிமேல் வண்ணச் சிமென்ட் ஊற்றிக் கையால் செய்வது. இப்போது சென்னையில் திரும்பவும் எல்லாரும் கேட்கிறார்கள், இந்த மோகத்தை மட்டும் நான் ஆதரிக்கிறேன். மிதிக்க மிதிக்கத்தான் மெருகேறும். எலுமிச்சைச் சாறும் ஆசிடும் மட்டும் ஆகாது.

சமையலறைக் கதவுகளுக்கு அக்ரிலிக் பளபளப்பு என்று எழுதியிருக்கிறார்கள். கதவு எந்த நிறத்தில் இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே இருக்கும் பலகை என்ன என்பதைக் கேளுங்கள். கொட்டேஷனின் ஏழாம் பக்கத்தில் சிங்க் அடியில்கூட எம்.டி.எஃப். என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அது மர நாரை ஒட்டிச் செய்த பலகை, தண்ணீர் பட்டால் பிஸ்கட் மாதிரி ஊறும். சிங்க் இருக்கும் பக்கத்துக்குத் தண்ணீர் தாங்கும் 710 தரப் பிளைவுட் போடச் சொல்லுங்கள், வரும்போது பலகைமேல் முத்திரை இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பார்க்க வேண்டும். கருங்கல் மேடை ஏற்கெனவே இருக்கிறது என்று படத்தில் தெரிகிறது. அதை எடுத்துவிட்டுக் குவார்ட்ஸ் போடச் சொல்கிறவருக்கு நம் சமையல் தெரியாது. குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே வைக்கிற வீட்டுக்குக் கருங்கல்தான் சரி.

ஒன்பதரை லட்சத்தில் மூன்று லட்சத்தை எடுத்து பாத்ரூமில் போடுங்கள். வழுக்காத டைல்ஸ், கமோடு பக்கத்தில் சுவரில் பிடிமானக் கம்பி, வெளியே திறக்கும் கதவு. பழைய ஜி.ஐ. இரும்புக் குழாய் இருந்தால் மாற்றிவிடுங்கள். மெயின் போர்டில் ஷாக் அடித்தால் தானே அணையும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரிஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி எழுந்து போகும் வழியில், கால் உயரத்தில் இரண்டு சின்ன விளக்கு. மொட்டை மாடியில் பழுது பார்க்கும்போதே வெள்ளைக் குளிர் டைல்ஸ் பதித்துக்கொண்டால் சித்திரையில் உங்கள் ஹால் வித்தியாசம் காட்டும். மிச்சப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.

ஊஞ்சல். கழற்ற வேண்டாம். ஃபால்ஸ் சீலிங் போட்டால் சங்கிலிக்கு ஓட்டை விட வேண்டும், அந்த இடம் ஆடி ஆடி வெடிக்கும், அதனால்தான் அவர்கள் அதை எடுக்கச் சொல்கிறார்கள், பழசு என்பதால் அல்ல. கொத்தனார் நாணயத்தோடு வரும்போது நான்கு கொக்கிகளையும் சுற்றித் தட்டச் சொல்லுங்கள். கொக்கி பீமில் மாட்டியிருக்கிறதா, வெறும் தளத்திலா என்றும் பார்த்து எழுதுங்கள். எல்லாம் 'கிண்' என்றால் பலகையை ஆசாரியிடம் கொடுத்து இழைத்து, வளையங்களுக்குக் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள்.